செக்கானூரணி ரோட்டில் என்னை இறக்கிவிட்டவர்கள்

தம்பிகளா, லாரியைத் திருட வருகிறவன் கையில் கடப்பாரையோடு வருவான் என்று நினைத்துக்கொண்டிருந்தால் அந்த நினைப்பை இன்றோடு விட்டுவிடுங்கள். பூட்டை உடைக்கிறவன் சின்னத் திருடன். பேட்டரியையோ, ஸ்டெப்னியையோ, டேங்கில் இருக்கிற டீசலையோ எடுத்துக்கொண்டு போய்விடுவான். லாரியை முழுசாகக் கொண்டுபோக வருகிறவன், நாமே கதவைத் திறந்து இறங்கும்படி பேசுவான். நாம் இறங்கியதும் அவன் ஏறிக்கொள்வான்.

நம் சங்கத்து மலருக்கு எழுதச் சொல்லி ஆபீஸிலிருந்து ஆள் அனுப்பியிருந்தார்கள். லாரி ஓட்டுவது எப்படி என்று எழுத நான் யார்? அது உங்களுக்கே தெரியும். என்னைவிட நன்றாக ஓட்டுகிற பையன்களை நான் பார்க்கிறேன். வண்டியில் ஜி.பி.எஸ். வந்துவிட்டது, கேமரா வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் ஜி.பி.எஸ். லாரி எங்கே போகிறது என்று முதலாளிக்குச் சொல்லும். உங்கள் கழுத்தில் கத்தி இருக்கிறது என்று யாருக்கும் சொல்லாது. அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும், எனக்கு நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கதை. பழங்காநத்தத்தில் நாங்கள் வழக்கமாக டீ குடிக்கிற கடை ஒன்று உண்டு. என்னோடு ஓட்டிய ஒருவர் அங்கே வண்டியை ஓரங்கட்டிவிட்டு, சாவியை அதிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் லாரி, இந்தப் பக்கம் அவர். ஒரு ஆள் வந்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து முன் கண்ணாடியை நிதானமாகத் துடைத்தான். டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்தான். ஏறினான், ஸ்டார்ட் செய்தான், போய்விட்டான். கடையில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீ மாஸ்டர் பிறகு சொன்னார்: "கண்ணாடியத் தொடைக்கிறவனப் பாத்தா டிரைவருன்னுதானண்ணே நெனப்போம். திருடன் எதுக்குக் கண்ணாடியத் தொடைக்கிறான்?"

அந்த லாரி அருப்புக்கோட்டைக்கு அப்பால் ஒரு காட்டில் கிடைத்தது. சக்கரங்கள் இல்லை. என்னுடைய நண்பர் அதற்குப் பிறகு ஸ்டியரிங் பிடிக்கவில்லை; யாரும் அவரைத் திட்டவில்லை, அவருக்குத்தான் மனசு விட்டுப்போயிற்று.

அந்த வாரமே நான் தெற்குவாசல் பக்கம் இருந்த ஒரு எலக்ட்ரீஷியனிடம் போனேன். எல்லோருக்கும் அவர் பாய். லாரிகளுக்கு வயரிங் செய்வதில் கெட்டிக்காரர், பேச்சில் அதைவிடக் கெட்டிக்காரர்.

"பாய், சாவி கையில இருந்தாலும் அடுத்தவன் ஸ்டார்ட் பண்ண முடியாதபடி ஒண்ணு வச்சுக் குடுங்க" என்றேன்.

கையில் இருந்த வேலையை அவர் கீழே வைத்தார். "ஸ்டார்ட் ஆகலைன்னா என்ன ஆகும்னு நெனைக்கிறீங்க?"

"திருடன் விட்டுட்டுப் போயிருவான்."

"நீங்க பக்கத்துல இல்லைன்னா போயிருவான். நீங்க பக்கத்துல இருந்தா? கத்திய வச்சுக்கிட்டு நிக்கிறவன், ஏன்டா ஸ்டார்ட் ஆகலன்னு ஒங்களத்தானண்ணே கேப்பான்?"

எனக்கு அது தோன்றியிருக்கவில்லை.

"வண்டி கெளம்பணும்" என்றார் பாய். "கொஞ்ச தூரம் போகணும். ஒங்களுக்கும் அவனுக்கும் நடுவுல ரோடு நீளணும். அப்புறந்தான் நிக்கணும். அல்லா புண்ணியத்துல ஒங்க உசுரும் இருக்கும், வண்டியும் இருக்கும்."

டீசல் வருகிற குழாயில் ஒரு அடைப்பானை வைத்து, அதற்கு ஒரு சின்ன சுவிட்ச் கொடுத்தார். சுவிட்சைத் தட்டினால் டேங்கிலிருந்து டீசல் வராது. குழாயிலும் ஃபில்டரிலும் மிச்சம் இருப்பதை இன்ஜின் குடித்து முடிக்கிறவரை வண்டி ஒழுங்காக ஓடும். பிறகு இருமும், நின்றுவிடும். குழாயில் காற்று ஏறிவிடுவதால் எவ்வளவு சாவி போட்டாலும் கிளம்பாது. சுவிட்ச் எங்கே என்று முதலாளிக்கு மட்டும் சொல்லச் சொன்னார். "மூணாவது ஆளுக்குத் தெரிஞ்சா அது சுவிட்ச் இல்லண்ணே, விளம்பரம்."

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். அதுதான் என்னைக் காப்பாற்றியது. "ஒவ்வொரு தடவ எறங்கும்போதும் அதத் தட்டிப் பழகுங்க. டீ குடிக்க எறங்குனாலும் தட்டுங்க. பயம் வந்தா மூளை ஓடாது. கை மட்டுந்தான் பழகுனதச் செய்யும்."

தட்டிப் பழகினேன். வீட்டில் கட்டிலை விட்டு எழுந்திருக்கும்போதுகூடக் கை அதைத் தேடுகிற அளவுக்குப் பழகிவிட்டது.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

கோடைக்காலம். போடியில் ஏலக்காய் ஏற்றிக்கொண்டு மதுரைக்கு வந்துகொண்டிருந்தேன். கிளீனர் அன்று வரவில்லை, நான் தனியாகத்தான் வந்தேன். ஏலக்காய் லோடைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும்; தார்ப்பாயை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அதன் மணம் ஊருக்கெல்லாம் சொல்லிவிடும். தேனியில் ஒரு சிக்னலில் நின்றால் பக்கத்தில் நிற்கிற பைக்குக்காரன் திரும்பிப் பார்ப்பான். அவ்வளவு விலை உள்ள பொருளை மறைத்துக் கொண்டுபோக வழியே கிடையாது.

உசிலம்பட்டி தாண்டியாயிற்று. மத்தியான வெயில், ரோட்டில் கானல் ஓடுகிறது. எதிரே ஒரு பஸ், இன்னொரு வண்டியை முந்திக்கொண்டு என் பக்கமாக ஏறி வந்தது. நான் இடது பக்கம் மண்ணில் இறக்கி ஒதுங்கினேன். புழுதி கிளம்பி வண்டியையே மூடிவிட்டது. பஸ் போனதும் திரும்ப ரோட்டில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். இது தினமும் நடப்பதுதான். யாரும் நினைவில்கூட வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

கொஞ்ச தூரம் வந்திருப்பேன். பின்னாலிருந்து ஒரு பைக் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்து என் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஓடியது. இரண்டு பேர். ஓட்டியவன் நீலச் சட்டை போட்டிருந்தான். பின்னால் இருந்தவன் தாடி வைத்திருந்தான். தாடிக்காரன் கையை வீசிக் கத்தினான்.

"அண்ணே! நிறுத்துண்ணே! பின்னாடி ஒரு பொம்பளைய அடிச்சுப் போட்டுட்டு வார! தெரியலையா ஒனக்கு?"

தம்பிகளா, இந்த வார்த்தையைக் கேட்டவனுக்குத்தான் அது எப்படி இருக்கும் என்று தெரியும். அந்தப் புழுதி கண்முன்னால் வந்தது. மண்ணில் இறக்கினேனே, அங்கே யாராவது நடந்து போய்க்கொண்டிருந்தார்களா? லோடு ஏற்றிய லாரியின் பின் சக்கரத்தில் ஒரு ஆளே சிக்கினாலும் ஸ்டியரிங்கில் இருக்கிறவனுக்குத் தெரியாமல் போகலாம். அத்தனை வருஷம் நான் யாரையும் இடித்ததில்லை. அந்த ஒரு பெருமை எனக்கு உண்டு. அது அன்றோடு போய்விட்டதா?

பிரேக்கை மிதித்தேன்.

நிறுத்தியது தப்பா என்று பிறகு பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நிறுத்தியது தப்பில்லை. ஒரு உயிர் ரோட்டில் கிடக்கிறது என்று யார் சொன்னாலும் நிறுத்தத்தான் வேண்டும். நிறுத்திய இடம்தான் தப்பு. இரண்டு பக்கமும் உழுது போட்ட காடு, அங்கங்கே கருவேலம். ஒரு வீடு இல்லை, ஒரு கடை இல்லை. இன்னும் சிறிது தூரம் மெதுவாக உருட்டிக்கொண்டு போயிருந்தால் ஆட்கள் இருக்கிற இடம் வந்திருக்கும். அதை நீங்கள் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்: நிறுத்துங்கள், ஆனால் நாலு பேர் கண்ணில் படுகிற இடத்தில் நிறுத்துங்கள்.

பைக்கை லாரிக்குக் குறுக்கே முன்னால் நிறுத்தினார்கள். தாடிக்காரன் என் ஜன்னலுக்கு வந்தான்.

"ரத்தமாக் கெடக்குதுண்ணே. எறங்கி எங்க பைக்குல ஏறு, கூட்டிப் போறோம். லாரிய அங்க கொண்டு வந்தீன்னா ஊருக்காரங்க கொளுத்திருவாங்க."

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தேன். "மொதல்ல 108க்குப் போடுறேன். எந்த இடம்னு சரியாச் சொல்லுப்பா."

"அதெல்லாம் போட்டாச்சு. நீ எறங்கு."

"போட்டாச்சா? எந்த இடம்னு சொன்னீங்க?"

அவன் என்னைத் தாண்டி, இடது பக்கக் கதவைப் பார்த்தான். அதே நேரத்தில் அந்தக் கதவின் கைப்பிடி கடக்கென்று அசைந்தது; நீலச் சட்டைக்காரன் அந்தப் பக்கம் போய்விட்டிருக்கிறான். நான் எப்போதும் இடது கதவை உள்ளே பூட்டி வைக்கிறவன், அதனால் திறக்கவில்லை. ஆனால் அந்தச் சத்தம் எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. அடிபட்டவளைப் பார்க்க என்னைக் கூப்பிடுகிறவனுக்கு இடது கதவில் என்ன வேலை? அடிபட்டவளுக்காகப் பதறுகிறவன் ஆம்புலன்ஸைக் கூப்பிட விடாமல் ஏன் அவசரப்படுத்துகிறான்?

கியரைப் போட்டேன். அதற்குள் தாடிக்காரன் படியில் ஏறி ஜன்னல் வழியாகக் கையை விட்டுவிட்டான். போன் போயிற்று. காதுக்குக் கீழே குளிர்ச்சியாக ஏதோ பட்டது. பழம் நறுக்குகிற அளவுக் கத்திதான். அது போதும்.

"எறங்கு" என்றான். இப்போது அண்ணே இல்லை.

அந்த நேரத்தில் வீரம் காட்டிய சிலரை எனக்குத் தெரியும். அவர்கள் படத்துக்கு மாலை போட்டிருக்கிறேன். லாரிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. ஏலக்காய்க்கும் இருக்கிறது. அறுந்த கழுத்தை எந்த இன்சூரன்ஸும் திருப்பித் தராது. "எறங்குறேம்ப்பா, கத்திய எடு" என்று நிதானமாகச் சொன்னேன். கதவைத் திறந்து, ஸ்டியரிங்கைப் பிடித்து, வழக்கமாக எப்படி இறங்குவேனோ அப்படியே இறங்கினேன். கை தன் வேலையைச் செய்துவிட்டது. சுவிட்சைத் தட்டியதே எனக்குக் கீழே வந்து நின்ற பிறகுதான் உறைத்தது.

என் சட்டையைப் பிடித்து இழுத்துக் காட்டோரம் தள்ளிவிட்டார்கள். பட்டன்கள் தெறித்துப் போயின. தாடிக்காரன் லாரியில் ஏறினான். அவன் கிளட்சை விட்ட விதத்தில், இரண்டாவது கியருக்குப் போன விதத்தில் எனக்குத் தெரிந்தது: லோடு வண்டி ஓட்டிப் பழகியவன். ஒரு குலுக்கல் இல்லாமல் எடுத்துக்கொண்டு போனான். நீலச் சட்டைக்காரன் பைக்கில் பின்னாலேயே போனான்.

நான் எழுந்து நின்றேன். லாரி செக்கானூரணிப் பக்கம் சிறிதாகிக்கொண்டே போனது. அது நிற்க வேண்டுமே என்று இல்லாத சாமியை எல்லாம் கூப்பிட்டேன். வேளாங்கண்ணி மாதாவிலிருந்து பாண்டி முனி வரை யாரையும் விடவில்லை. பாயின் ஏற்பாட்டைப் பொருத்திய அன்று ஒரு முறை ஓட்டிப் பார்த்ததோடு சரி. இத்தனை லோடோடு, இந்த வெயிலில், அது வேலை செய்யுமா? லாரி ஒரு வளைவில் திரும்பி மறைந்தது. சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அந்தச் சத்தம் ஒரு முறை விக்கியது. இன்னொரு முறை விக்கியது. நின்றுவிட்டது.

அந்த அமைதியைப்போல ஒரு சங்கீதத்தை நான் கேட்டதில்லை.

நடந்தேன், பிறகு ஓடினேன். சண்டை போட அல்ல. தூரத்தில் நின்று லாரி எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு, வருகிற வண்டியை மறித்து உதவி கேட்கலாம் என்றுதான். வளைவைத் தாண்டியதும் நான் பார்த்தது வேறு. ரோட்டை ஒட்டிக் கண்மாய்க்குப் போகிற வரத்துக் கால்வாய். தண்ணீர் இல்லாத கால்வாயில் நூறு நாள் வேலைப் பெண்கள் மண் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நேர் எதிரே, ரோட்டை அடைத்துக்கொண்டு என் லாரி நின்றது. ஸ்டார்ட்டர் மட்டும் கர்ர் கர்ர் என்று சுற்றிக்கொண்டிருந்தது.

பெண்கள் ஒவ்வொருவராக மேலே ஏறி வந்து லாரியைச் சூழ்ந்துகொண்டார்கள். "என்னய்யா, பஸ்ஸு வார ரோட்ட அடச்சு நிப்பாட்டிட்ட?" என்று ஒருத்தி கேட்பது எனக்குக் கேட்டது. நீலச் சட்டைக்காரன் பைக்கை அணைக்காமல் தள்ளி நின்றான்.

அப்பாடா என்று நினைத்து நான் கையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தாடிக்காரன் என்னைப் பார்த்துவிட்டான். அவன் மூளையை நான் இன்றைக்கும் மெச்சுகிறேன். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, முந்திக்கொண்டு கத்தினான்.

"அந்தா வாரான் பாருங்கத்தா! குடிச்சுட்டு ஓட்டி ஒரு பொம்பளைய அடிச்சுப் போட்டுட்டான்! தப்பிச்சு ஓடப் பாத்தான், நாந்தான் லாரியப் புடுங்கி ஸ்டேஷனுக்குக் கொண்டு போறேன்!"

அத்தனை பெண்களும் என் பக்கம் திரும்பினார்கள். பட்டன் இல்லாத சட்டை, உடம்பெல்லாம் புழுதி, மூச்சு வாங்க ஓடி வருகிற லாரி டிரைவர். என்னைப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வந்திருக்கும். சிலர் கையில் மம்பட்டி இருந்தது.

வேலையை மேற்பார்வை பார்க்கிற பெண் முன்னால் வந்தார். மேட் என்பார்கள் அந்தப் பொறுப்பை. பேர் பேச்சியம்மாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். என் வயதுதான் இருக்கும். மிச்சமிருந்த சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"குடிச்சிருக்கியா? ஊது."

ஊதினேன்.

முகத்தைச் சுளித்துக்கொண்டு மோந்து பார்த்தார். "சாராய வாடை இல்லடி" என்று மற்றவர்களிடம் சொன்னார். "ஏலக்கா வாடைதான் அடிக்குது."

ஒருத்தி சிரித்துவிட்டாள். ஆனால் பிடித்த சட்டையைப் பேச்சியம்மாள் விடவில்லை. "யார அடிச்ச? சொல்லு."

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். எனக்கு நாக்கு நுனியில் நின்ற வார்த்தை "அவன் திருடன்" என்பதுதான். அதைக் கத்தியிருந்தால் என்ன ஆகும்? அவன் என்னைச் சொல்கிறான், நான் அவனைச் சொல்கிறேன். கோபத்தில் இருக்கிற கூட்டம் முதலில் சொன்னவனைத்தான் நம்பும். இரண்டாவதாகக் கத்துகிறவன் தப்பிக்கப் பார்க்கிறவன். அதனால் நான் லாரியைப் பற்றிப் பேசவே இல்லை.

"ஆத்தா, நான் யாரையும் அடிச்ச மாதிரி எனக்குத் தெரியல" என்றேன். "ஆனா இவரு அடிச்சேங்கிறாரு. நெசமாவே இருக்கட்டும். அப்ப அந்தம்மா இந்நேரம் ரோட்டுலதான கெடக்கணும்? என்னைய அப்புறம் என்ன வேணாப் பண்ணுங்க. மொதல்ல 108க்குப் போன் போடுங்க. எம்போன் இவுங்க கையில இருக்கு. எந்த இடம்னு இவரையே சொல்லச் சொல்லுங்க."

பேச்சியம்மாள் என் முகத்தைப் பார்த்தார். பிடி தளர்ந்தது. இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்துக்கொண்டு லாரிப் பக்கம் திரும்பினார்.

"எந்த எடம்யா?"

"அங்கதான்... வளைவுல."

"எந்த வளைவு? நாங்க பொறந்ததுலேருந்து பொழங்குற ரோடு. பேரச் சொல்லு."

"பாலத்துக்கு முன்னாடி."

"பாலமா? அங்க எங்கடி பாலம் இருக்கு?" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

"வயசுப் பிள்ளையா, வயசானவளா?" பேச்சியம்மாள் விடவில்லை. "என்ன சேல கட்டியிருந்தா?"

"வயசானவங்கதான். பச்ச... செவப்புச் சேல."

பேச்சியம்மாள் போனைத் திரும்ப இடுப்பில் செருகினார். பிறகு சத்தம் போடாமல், சாதாரணமாகக் கேட்டார்.

"ஏய்யா, அடிபட்டவள ரோட்டுல போட்டுட்டு லாரிய மட்டும் எதுக்குய்யா ஓட்டிட்டு வந்த? அவளத் தூக்கி லாரியில போட்டுல்ல வந்திருக்கணும்?"

பைக் உறுமுகிற சத்தம் கேட்டது. நீலச் சட்டைக்காரன் கூட்டாளியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மதுரைப் பக்கம் பறந்துவிட்டான். தாடிக்காரன் இடது கதவைத் திறந்துகொண்டு குதித்தான். அந்தப் பக்கமும் பெண்கள் நின்றார்கள். கால்வாய்க்குள் பாய்ந்தான். அன்று அவர்களே வெட்டிக் குவித்திருந்த மண்ணில் முழங்கால் வரை புதைந்து நின்றான்.

பிடித்து மேலே இழுத்து வந்தார்கள். கத்தி லாரிக்குள் கிடந்ததை ஒருத்தி எடுத்துக் காட்டினாள். அவ்வளவுதான். என்மேல் இருந்த கோபமும் சேர்ந்து அவன்மேல் இறங்கியது. கையால் அடித்தார்கள், செருப்பால் அடித்தார்கள். ஒருத்தி மம்பட்டியை ஓங்கினாள்.

நான் நடுவில் போய் நின்றேன். எனக்கும் இரண்டு அடி விழுந்தது.

"மம்பட்டியக் கீழ போடு தாயி" என்றேன். "லாரி கெடச்சிருச்சு. இவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா கேஸு ஒங்க மேலதான் வரும். ஒங்க பிள்ளைகளுக்கு யாரு சோறு போடுறது?"

"கழுத்துல கத்திய வச்சவனுக்கு நீ பரிஞ்சு வாரியா?" என்று அவள் சீறினாள்.

"இவனுக்காக இல்ல. ஒனக்காக."

பேச்சியம்மாள் அவள் கையிலிருந்து மம்பட்டியை வாங்கினார். தார்ப்பாய்க் கயிற்றை எடுத்துத் தரச் சொல்லி, அவன் கைகளைக் கட்டி லாரிச் சக்கரத்தை ஒட்டி உட்கார வைத்தார். போலீஸுக்குப் போன் போட்டார். அவனுக்குக் குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார்.

போலீஸ் வருகிறவரை நான் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உதடு கிழிந்திருந்தது. அருகில் பார்த்தால் சின்ன வயதுதான்.

"லாரி நல்லா ஓட்டுறியே" என்றேன். "நீ டிரைவருதான?"

தலையை ஆட்டினான். கொஞ்ச நேரம் கழித்து, இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது என்பதுபோல மெதுவாகக் கேட்டான்: "எப்புடிண்ணே நின்னுச்சு?"

"டீசல் தீந்திருக்கும்" என்றேன். அவன் நம்பவில்லை.

போலீஸ் வந்தது. வந்த எஸ்.ஐ. நல்ல மனிதர், பெண்களை விரட்டாமல் ஒவ்வொருவரிடமும் நடந்ததைக் கேட்டுக்கொண்டார். நான் சுவிட்சைத் திரும்பத் தட்டிவிட்டு, கை பம்பை அடித்துக் குழாயில் இருந்த காற்றை வெளியேற்றினேன். லாரி கிளம்பியது. பெண்கள் கைதட்டினார்கள். பேச்சியம்மாளின் போனில் முதலாளியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"ஒனக்கு ஒண்ணும் இல்லைல?" என்றுதான் அவர் முதலில் கேட்டார். "சரி, ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டு நேரா வந்து சேரு."

"மொதலாளி, ஒரு தடவ திரும்பிப் போய்ப் பாத்துட்டு வாரேன்."

"எங்க?"

"உசிலம்பட்டிப் பக்கம். யாரும் அடிபட்டுக் கெடக்குறாங்களான்னு."

"அதான் பொய்யின்னு ஆயிருச்சே?"

"அவன் சொன்னது பொய்யிதான் மொதலாளி. ஆனா பஸ்ஸுக்காக நான் மண்ணுல எறக்குனது நெசம். பின்னாடி வந்தவங்க அதப் பாத்துட்டுத்தான் இந்தக் கதையச் சொல்லியிருக்காங்க. அங்க என்ன ஆச்சுன்னு நான் பாக்கல. புழுதியா இருந்துச்சு."

"போயிட்டு வா" என்றார்.

எஸ்.ஐ.யும் சரி என்றார். கால்வாய் ஓரம் நின்ற பேச்சியம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நானும் வாரேன். ஒனக்கு அங்க யாரத் தெரியும்?" என்று சொல்லி லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

நான் எத்தனையோ மலைப்பாதையில் ஓட்டியிருக்கிறேன். அந்தச் சமவெளி ரோட்டில் அன்று திரும்பிப் போன தூரம் போலக் கனமாக எதுவும் இருந்ததில்லை. கத்தி கழுத்தில் இருந்தபோதுகூட எனக்கு வாய் உலரவில்லை. இப்போது உலர்ந்தது. பேச்சியம்மாள் ரோட்டின் இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் பார்த்துக்கொண்டே வந்தார்.

மண்ணில் என் சக்கரத் தடம் தெளிவாகத் தெரிந்தது. லாரியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி, தடத்தோடு நடந்தேன். ரத்தம் இல்லை. செருப்பு இல்லை. ஒரு துணி இல்லை. தடம் முடிகிற இடத்தில், பனை ஓலைகளைச் சாய்த்துக் கட்டிய சின்ன நிழலில் ஒரு பெண் நுங்கு விற்றுக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்கு ஒதுங்கியபோது நான் அவளைப் பார்க்கவே இல்லை.

பேச்சியம்மாள் கேட்டார். "ஏத்தா, இன்னைக்கு இங்க யாரையும் லாரி கீரி அடிச்சுச்சா?"

"இல்லையேக்கா" என்றாள் அவள். பிறகு என்னையும் லாரியையும் பார்த்தாள். முகம் மாறியது. "இந்த லாரிதான! மண்ணுல எறக்கி, இருந்த புழுதிய எல்லாம் அள்ளி எந்தலையில கொட்டிட்டுப் போச்சு. அம்புட்டு நுங்கும் மண்ணு. ஒரு வார்த்த, ஒரு மன்னிப்பு உண்டா? கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு? ஒங்களுக்கெல்லாம் யாருய்யா லைசென்ஸு குடுத்தது?"

அவள் திட்டிக்கொண்டே இருந்தாள். நான் அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். லாரி போனபோது வராத அழுகை, அது திரும்பக் கிடைத்தபோதும் வராத அழுகை, அங்கே வந்தது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

நுங்குக்காரி பயந்துவிட்டாள். "அய்யய்யோ, என்னக்கா இவரு? புழுதின்னுதான சொன்னேன்? அதுக்கா இப்புடி அழுகுறாரு?"

"நீ இன்னும் கொஞ்சம் திட்டுத்தா" என்றார் பேச்சியம்மாள். "அவரு அதக் கேக்கத்தான் இம்புட்டுத் தூரம் வந்திருக்காரு."

ஒன்றும் புரியாமல் அவள் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சாக்குக்கு அடியிலிருந்து புழுதி படாத ஒரு காயை எடுத்து, அரிவாளால் சீவி, என் முன்னால் நீட்டினாள்.

"குடிய்யா" என்றாள். "எனக்கு ஒண்ணும் ஆகல."